உமணர் தடத்தில் ஒரு ஜீப்

வண்டியின் அடியில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்ட பிறகே உப்பு வணிகர்களான உமணர்கள் கடற்கரையை விட்டுக் கிளம்பினார்கள். நுகம் பழகாத இளங்காளைகள், கொள்ளும் மட்டும் ஏற்றிய உப்புப் பாரம், வழியில் பள்ளம் வருமா மேடு வருமா என்று சொல்ல ஆளில்லை. நடுவழியில் அச்சு முறிந்தால் மாற்றிப் போட அந்த இரண்டாவது அச்சு. சேம அச்சு என்று அதற்குப் பெயர். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாராட்டும்போது, ஆபத்துக்கு உதவ அந்த அச்சைப்போல அவன் இருக்கிறான் என்கிறார். சிற்றரசனைப் பாட வந்த புலவரின் கண்ணில் வண்டிக்காரரின் முன்யோசனை பட்டிருக்கிறது. இன்று ஜீப்பின் பின்புறம் தொங்கும் ஸ்டெப்னிக்கு அதுதான் மூதாதை.

வண்டிப் பயணத்தை இவ்வளவு கூர்ந்து பார்த்த பழைய இலக்கியம் உலகில் அதிகம் இருக்காது. பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வண்டியின் மேல் காடி வைத்த கலம் கட்டியிருக்கிறது. கைக்குழந்தையோடு ஒரு பெண் காளைகளைப் பின்னிருந்து ஓட்டுகிறாள். சிறுபாணாற்றுப்படையில் உமணர் வளர்த்த பெண்குரங்கு, முத்தைக் கிளிஞ்சலுக்குள் போட்டுக் கிலுகிலுவென ஆட்டி, உமணர் பிள்ளைகளோடு விளையாடுகிறது. அகநானூற்றில் அவர்கள் சமைத்துவிட்டுப் போன கல்லடுப்பு வெறும் பாலையில் கிடக்கிறது. பின்னால் வந்த வழிப்பறிக்காரர்கள் அதிலேயே இறைச்சி வேக வைக்கிறார்கள். குடும்பம் குடும்பமாக வறண்ட நிலத்தைக் கடந்த வண்டிச் சாத்து ஒன்றின் முழுச் சித்திரம் நம்மிடம் இருக்கிறது. ஆனாலும் பாலைவனத்து வண்டிப்பாதை என்று யாராவது சொன்னால், அமெரிக்கத் திரைப்படத்தில் பார்த்த கூண்டு வண்டிதான் நமக்கு நினைவுக்கு வருகிறது. அந்தத் தடத்தை ஜீப்பில் ஓட்டிப் போவதை ஒரு தீர்த்த யாத்திரையாகவே செய்யும் அமெரிக்கர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கும். நம்முடைய தடம் எங்கே என்று கேட்டுக்கொண்டுதான் பெண்ணாடத்துக்குப் போனேன்.

முதலில் அமெரிக்கர்கள் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். கலிஃபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில், கொலராடோ ஆற்றங்கரையிலிருந்து மேற்கே 138 மைல், அதாவது ஏறத்தாழ 220 கிலோமீட்டருக்கு ஒரு மண்பாதை போகிறது. மொஹாவி பழங்குடியினர் ஊற்றுக்கு ஊற்று நடந்து போட்ட தடம் அது. 1776இல் பிரான்சிஸ்கோ கார்செஸ் என்ற ஸ்பானியப் பாதிரியார் அவர்களின் வழிகாட்டுதலில் அதில் நடந்தார். 1826இல் ஜெடிடாயா ஸ்மித் என்ற தோல் வேட்டைக்காரர் போனார். 1857இல் எட்வர்டு பீல் ஒட்டகங்களோடு வந்து வண்டிப்பாதைக்கு அளவெடுத்தார். பிறகு ராணுவ வண்டிகளும் தபால் வண்டிகளும் அதில் ஓடின. 1883இல் அந்தப் பாலைவனத்துக்குக் குறுக்கே ரயில் வந்ததும் பாதையின் கதை முடிந்தது. முள்ளும் மணலும் அதை மூடிவிட்டன.

அதை மீட்டது அரசாங்கமல்ல, ஒரு தனிமனிதர். டெனிஸ் கேஸ்பியர் என்பவர் கடற்படைக்கு வேலை பார்த்த இயற்பியலாளர். ஆவணக் காப்பகத்தில் பழைய ராணுவக் கடிதங்களைத் தேடிப் படித்தவர். 1980களின் தொடக்கத்தில் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு பாதையைத் தேடிக் கண்டுபிடித்து, வழி பிரியும் இடங்களில் கற்களைக் கூம்பாக அடுக்கி வைத்தார். எந்த மைலில் என்ன இருக்கிறது என்று கையேடு எழுதினார். நடுக்காட்டில் ஒரு தபால் பெட்டி வைத்து, உள்ளே ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். வருகிறவர்கள் அதில் பெயர் எழுதிவிட்டுப் போகிறார்கள். 1994இல் அந்த நிலத்தின் பெரும்பகுதி தேசிய இயற்கைக் காப்பகமானது. இன்றும் சிமெண்டும் தாரும் போடாத அந்தப் பாதையில் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகள் இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொண்டு போகின்றன. ஆட்கள் ஓட்டுவதால்தான் அந்தத் தடம் உயிரோடு இருக்கிறது. இதைச் சொல்லத்தான் மொஹாவியை இங்கே இழுத்தேன்.

பெண்ணாடம் கடலூர் மாவட்டம் திட்டக்குடி வட்டத்தில், வெள்ளாற்றின் வடகரையில் இருக்கிறது. விருத்தாசலத்திலிருந்து அரியலூர் வழியாகத் திருச்சி போகும் கார்டு லைன் ரயிலில் போகிறவர்கள், ஊர் தாண்டியதும் வண்டி தடதடவென ஆற்றுப் பாலத்தில் ஏறுவதைக் கவனித்திருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் பார்த்தால் செம்மண் நிறத்தில் கரைபுரண்டு ஓடும் ஆறு. சித்திரையில் பார்த்தால் இக்கரையிலிருந்து அக்கரை வரை மணல், நடுநடுவே சீமைக்கருவேலம், நாணல் திட்டுகள், எங்கோ ஓரிடத்தில் மாடு நனைகிற அளவுக்கு ஒரு குட்டை. குறிஞ்சியும் முல்லையும் மழையின்றிக் காய்ந்தால் பாலையாகும் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. நம் பாலை ஒரு பருவத்தில் வந்து போகிற நிலம். வெள்ளாறு ஆண்டில் பாதி நாள் அந்த நிலம்தான்.

இந்த ஆற்றின் பிறப்பைப் பார்த்தால் அதையொட்டி ஏன் வழி பிறந்தது என்று விளங்கும். ஆத்தூர், தலைவாசல் வழியாக வரும் வசிஷ்ட நதியும், கொல்லிமலைப் பக்கமிருந்து தம்மம்பட்டி, வீரகனூர் வழியாக வரும் சுவேத நதியும் சேர்ந்ததுதான் வெள்ளாறு. தொழுதூர், திட்டக்குடி, பெண்ணாடம், சேத்தியாத்தோப்பு, புவனகிரி என்று கிழக்கே வந்து பரங்கிப்பேட்டையில் கடலில் விழுகிறது. சேலத்து மேட்டு நிலத்துக்கும் சோழமண்டலக் கடற்கரைக்கும் நடுவே மலையேறாமல், தண்ணீருக்கு அலையாமல் மாடு போக ஏற்ற சரிவு இது. ஆற்றில் ஓட்டம் நின்ற பிறகும் இரண்டு அடி தோண்டினால் ஊற்று சுரக்கும். மொஹாவியில் ஊற்றுக்கு ஊற்று தடம் போனதென்றால், இங்கே வழிநெடுகவே ஊற்று.

வழி இருந்ததற்குச் சாட்சி சொல்கிறவர்கள் நாயன்மார்கள். பெரியபுராணத்தை வழிநடைப் புத்தகமாக ஒருமுறை படித்துப் பாருங்கள். திருமுதுகுன்றத்துக்கு, அதாவது இன்றைய விருத்தாசலத்துக்குப் போகிற சுந்தரர் எதிரே வந்த வேதியரிடம் வழி கேட்கிறார். இந்த வழி கூடலையாற்றூருக்குப் போகிறது என்று சொல்லி அவர் கூடவே வந்து, ஊர் எல்லையில் மறைந்துவிடுகிறார். வந்தவர் சிவபெருமான். கூடலையாற்றூர் மணிமுத்தாறு வெள்ளாற்றோடு கலக்கும் இடம். பாதைகள் பிரிய வேண்டிய இடமும் அதுதான். சம்பந்தர் முதுகுன்றத்திலிருந்து பெண்ணாகடம், அதாவது பெண்ணாடம் வருகிறார். யானையின் பின்புறம்போல வளைந்த விமானம் கொண்ட தூங்கானைமாடத்தில், இப்போதைய பிரளயகாலேசுவரர் கோயிலில், பாடிவிட்டு மேற்கே நெல்வாயில் அரத்துறைக்கு நடக்கிறார். தகப்பனாரின் தோளில் ஏறாமல் சின்னக் காலால் நடந்து வரும் பிள்ளை. அந்தி சாய்ந்ததும் மாறன்பாடியில் தங்குகிறார். மாறன்பாடிதான் சர்க்கரை ஆலை உள்ள இன்றைய இறையூர். பிள்ளை நடந்து களைத்ததைப் பொறுக்காமல் இறைவன் முத்துச் சிவிகையும் குடையும் சின்னமும் அனுப்பிவைத்தார் என்பது கதை. அரத்துறை இன்றைய திருவட்டத்துறை. பெண்ணாடத்திலிருந்து ஏழெட்டுக் கிலோமீட்டர்தான். ஆனால் குழந்தைக்கு அது ஒரு நாள் வழி. பெரியபுராணத்தை எழுதிய சேக்கிழாருக்கு இந்த ஊர்களின் வரிசையும் இடைவெளியும் மனப்பாடமாகத் தெரிந்திருந்தன.

கடல் பக்கத்தில் இந்த வழி இன்னும் நடந்துகொண்டே இருக்கிறது. மாசிமகத்துக்கு ஸ்ரீமுஷ்ணத்துப் பூவராகசுவாமி சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாகக் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் போகிறார். வழியெல்லாம் மண்டகப்படி. கிள்ளை தைக்காலில் முஸ்லிம் மக்கள் மாலையும் பட்டும் கொடுத்து வரவேற்கிறார்கள். ஆண்டுதோறும் சாமி போகிறபடியால் அந்தப் பாதை யாருக்கும் மறக்கவில்லை. பெண்ணாடத்துக்கு மேற்கே அப்படிப் போகிற சாமி இல்லை.

நாங்கள் ஆற்றில் இறங்கிய இடம் பெண்ணாடத்தை அடுத்த சௌந்திரசோழபுரம். எதிர்க்கரை அரியலூர் மாவட்டத்துக் கோட்டைக்காடு. இரண்டு கரைக்கும் கொள்வினை கொடுப்பினை உண்டு. எதிர்க்கரை ஊர்க்காரர்களுக்குச் சந்தை, பள்ளிக்கூடம், ரயில் எல்லாமே பெண்ணாடம். ஆற்றுக்குள் மண்ணைக் கொட்டிப் போட்ட பாதையை வெள்ளம் அடித்துக்கொண்டு போவதும், சுற்றிக்கொண்டு போக முடியாமல் ஜனங்கள் தவிப்பதும், பாலம் கேட்டு மனுக் கொடுப்பதும் நெடுங்காலமாகச் செய்தித்தாள்களில் வந்தவை. பாலம் வேண்டும் என்று அவர்கள் கேட்டது முழு நியாயம். கர்ப்பிணியைத் தூக்கிக்கொண்டு மணலில் நடந்தவர்களிடம் பழைய தடத்தின் பெருமை பேச எனக்கு வாய் வராது. பாலம் வந்த பிறகு, கீழே இருக்கும் பழைய துறை எதுவென்று குறித்து வைக்கலாமே என்றுதான் கேட்கிறேன்.

வண்டி நண்பருடையது. பழைய மஹிந்திரா ஜீப். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் வில்லிஸ் ஜீப்பைப் பம்பாயில் பூட்டி விற்கத் தொடங்கிய குடும்பத்து வண்டி. வனத்துறையிலும் போலீஸிலும் மலைத்தோட்டத்திலும் நம் நாடு முழுக்க உழைத்த வடிவம். கியர் கம்புக்குப் பக்கத்தில் குட்டையாக இன்னும் இரண்டு கம்புகள். ஒன்று முன்சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும். இன்னொன்றைத் தள்ளினால் லோ கியர்: வேகம் விழுந்துவிடும், இழுவை ஏறும். நடக்கிற மனிதனின் வேகத்தில், மூச்சு முட்டாமல், மணலை உழுதுகொண்டு வண்டி ஏறும்.

ஆனால் மணலில் காரியம் செய்வது கம்பைவிடக் காற்று. தார்ச்சாலையில் 30 பவுண்டு வைக்கும் டயரில், ஆற்றில் இறங்குமுன் 18 பவுண்டு அளவுக்குக் குறைத்தார் நண்பர். வால்வில் குச்சியை வைத்து அழுத்தி, சீறல் கேட்டுக்கொண்டு ஒவ்வொரு சக்கரமாக உட்கார்ந்து எழுந்தார். காற்று இறங்க இறங்க டயர் தரையோடு படிந்து நீளும், பாரம் பரவும், மேல்மணல் உடையாது. ஓடும்போது திடீர் பிரேக் கூடாது. பிரேக் அடித்தால் சக்கரத்துக்கு முன்னால் மணல் குவிந்து அணை கட்டிவிடும். வளைப்பதானால் அகலமாக வளைக்க வேண்டும். சக்கரம் சுழன்று வண்டி நகரவில்லை என்றால் அந்த நொடியே ஆக்சிலேட்டரை விட்டுவிட வேண்டும். இன்னும் மிதித்தால் அச்சு வரை இறங்கிவிடும். இறங்கிப்போனால் மண்வெட்டி, பலகை, வந்த தடத்திலேயே பின்னால் எடுப்பது. வேலை முடிந்து தார்ச்சாலை ஏறுமுன் மறுபடி காற்று அடிக்க வேண்டும், இல்லையென்றால் டயர் சூடேறிக் கிழியும்.

கரையில் ஒரு பெரியவர் மாட்டைப் பிடித்துக்கொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். வாலிப வயசில் இந்தத் துறையில் கட்டை வண்டி ஓட்டியவர். டயர் வண்டி வருமுன், இரும்புப் பட்டா அடித்த மரச்சக்கரக் காலம் அது. சக்கரம் ஆள் மார்பு உயரம் இருந்தாலும் பட்டா இரண்டு விரற்கடை அகலம்தான். மணலை அறுத்துக்கொண்டு இறங்கும். அதற்கு அவர்கள் செய்த உபாயங்களைக் கேட்டேன். பாதிப் பாரத்தை இக்கரையிலேயே இறக்கி வைத்து இரண்டு நடையாகக் கொண்டுபோவது. முன்னால் இன்னொரு ஜோடி மாட்டைப் பூட்டுவது. கரும்புச் சோகையும் வைக்கோலும் பரப்பி, அதன்மேல் சக்கரத்தை விடுவது. வண்டிக்காரர் உட்காராமல் இறங்கி நடப்பது. டயரில் காற்றைக் குறைப்பதும் சோகை பரப்புவதும் ஒரே கணக்கு: பாரத்தைப் பரப்பு.

“எப்ப எறங்குவீங்க ஐயா?” என்றேன்.

“விடியக்காலம்தான் தம்பி. பனி ஈரத்துல மணல் கெட்டியா நிக்கும். உச்சி வெயில்ல எறங்குனா மாடு மண்டி போட்டுடும்.”

நண்பர் ஜீப்பை நேர்க்கோட்டில் விடப் பார்த்தார். பெரியவர் கையைக் குறுக்கே நீட்டினார். “அந்தப் பக்கம் வேணாம்ப்பா. மேல காஞ்சி பாளம் பாளமாத் தெரியுது பாரு? அடியில சொதசொதன்னு இருக்கும். மணல் வெள்ளையாக் கெடக்குற பக்கமாப் போ.”

இதே வார்த்தையைத்தான் மொஹாவிக் கையேட்டை எழுதியவர்களும் எழுதுவார்கள். அந்தத் தடத்தின் மேற்குப் பகுதியில் சோடா ஏரி என்று ஒரு வறண்ட உப்பு ஏரி. மேலே பாளம் வெடித்துக் காய்ந்து, வண்டி ஓட்ட மைதானம் என்று தோன்றும். மழை பெய்து சில வாரம் ஆனாலும் அடியில் சேறு காயாது. நடுவில் மாட்டிக்கொண்ட வண்டியை வெளியே எடுக்க இன்னொரு வண்டி போனால் அதுவும் சேர்ந்து மாட்டும். ஏரியின் நடுவே ஒரு கற்குவியல் இருக்கிறது. கடப்பவர்கள் வழியில் ஒரு கல்லை எடுத்துவந்து அதில் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

பெரியவர் காட்டிய வழியில் ஜீப் போயிற்று. லோ கியரில் இரண்டாவது போட்டு, வேகம் கூட்டாமல் குறைக்காமல், வெள்ளை மணல் மேல் அரைவட்டமாக. பெரியவர் முன்னே நடந்தார். வண்டிக்கும் அவருக்கும் வேகம் ஏறக்குறைய ஒன்றுதான். நடு ஆற்றில் நின்று பார்த்தபோது, இரண்டு கரையிலும் வண்டி ஏறி இறங்கி ஏறி இறங்கிக் கரை அறுந்த இடம் நேருக்கு நேர் நிற்காதது தெரிந்தது. அக்கரை ஏற்றம் கீழ்ப்பக்கமாக ஒதுங்கி இருக்கிறது. ஓடுகாலின் ஆழமான பகுதியைத் தவிர்த்துச் சாய்வாகக் கடந்த வண்டிகள் போட்ட கணக்கு அது. கரைமேல் நின்று பார்த்தாலோ, பாலத்தின் மேல் விரைந்து போனாலோ இது தெரியாது. ஓட்டினால்தான் தெரியும்.

மாட்டு வண்டியைப் பற்றிப் பேசினால் போரைப் பற்றியும் பேச வேண்டும். 1781இல் ஐதர் அலியோடு மோதிய பிரிட்டிஷ் தளபதி அயர் கூட், சிதம்பரம் கோயிலைப் பிடிக்க முயன்று தோற்றுப் பரங்கிப்பேட்டைக்குப் பின்வாங்கினார். ஜூலை 1ஆம் தேதி முட்லூர்ப் பக்கம் நடந்த போரில் அவர் வென்றார். வென்றும் ஐதரைத் துரத்திக்கொண்டு உள்நாட்டுக்குள் போக முடியவில்லை. இழுக்க மாடில்லை, சுமக்க மாடில்லை. கப்பலில் வரும் அரிசியை நம்பிக் கடலோரத்திலேயே கிடக்க வேண்டியதாயிற்று. அந்தக் காலத்துப் படைகளுக்குத் தானியமும் உள்நாட்டுக்கு உப்பும் கொண்டுபோனவர்கள் லம்பாடிகள். ஆயிரக்கணக்கான பொதிமாடுகளை ஓட்டிக்கொண்டு குடும்பத்தோடு நாடு விட்டு நாடு நடந்தவர்கள். சங்கத்து உமணரின் வேலையைக் கடைசியாகச் செய்தவர்கள் அவர்கள்தான். ரயில் வந்ததும் அவர்கள் பிழைப்பு போயிற்று. மொஹாவிக்கு 1883இல் வந்த முடிவு பெண்ணாடத்துப் பக்கத்து நெடுவழிக்கு 1920களின் கடைசியில், கார்டு லைனோடு வந்தது.

இறையூர், திருவட்டத்துறை, திட்டக்குடி என்று மேற்கே போகப் போகத் தார்ச்சாலையும் பழைய தடமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. ஆற்றோரம் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே திடீரென்று இரண்டு கோடாக மண்பாதை பிரிந்து போகும். ஓர் ஊருக்கு அப்பால் மறுபடி சாலையில் வந்து சேரும். தொழுதூரில் அணைக்கட்டு. இங்கிருந்துதான் வெலிங்டன் ஏரிக்குத் தண்ணீர் போகிறது. அங்கே திருச்சி நெடுஞ்சாலையைக் குறுக்கே தாண்டினால், பஸ்களின் இரைச்சல் ஐந்து நிமிடத்தில் அடங்கி, மறுபடி ஆறு, மறுபடி மேடு.

தலைவாசலை அடுத்த ஆறகளூரில் வசிஷ்ட நதிக்கரையில் நான் பார்க்க நினைத்தது இருந்தது. மகதை மண்டலத்தை ஆண்ட வாணகோவரையர்களின் தலைநகரம் இந்த ஊர். காமநாதீசுவரர் கோயிலும், பக்கத்துத் தியாகனூரின் பெரிய புத்தர் சிலைகளும் இதன் பழைய செல்வாக்குக்குச் சான்று. இங்கே கிடைத்த ஒரு காதக்கல்லில் மகதேசன் பெருவழி என்ற பெயரும், காஞ்சிபுரத்துக்கு 16 காதம் என்ற தொலைவும் வெட்டியிருக்கின்றன. எழுத்தோடு நிற்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத வண்டிக்காரன் தடவிப் பார்த்தே தெரிந்துகொள்ளும்படி 16 குழிகளையும் குடைந்திருக்கிறார்கள். ஆறகளூரிலிருந்து காஞ்சிபுரம் இன்றைய சாலையில் 200 கிலோமீட்டருக்குச் சற்று முன்பின். ஒரு காதம் ஏறத்தாழப் பன்னிரண்டு கிலோமீட்டர் என்று வருகிறது. பாரம் ஏற்றிய மாடு அரை நாளில் நடக்கும் தூரம்.

தருமபுரிப் பக்கத்தில் கிடைத்த அதியமான் பெருவழிக் கற்களிலும் இதே ஏற்பாடு. நாவற்தாவளத்துக்கு 29 காதம் என்று ஒரு கல், 27 காதம் என்று இன்னொன்று. எண்ணும் உண்டு, குழியும் உண்டு. தாவளம் என்பது வணிகச் சாத்துகள் தங்கும் இடம். ஔவை சேம அச்சைப் பாடியது எந்தக் குடியில் வந்தவனுக்கோ, ஆயிரம் ஆண்டு கழித்து அந்தக் குடிப்பெயரிலேயே வண்டிக்காரனுக்கு மைல்கல் நிற்கிறது. கோவைக்கு மேற்கே சுண்டக்காமுத்தூர்ப் பக்கத்துப் பாறையில் இராசகேசரிப் பெருவழி என்று தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும் வெட்டிய கல்வெட்டு, பாலக்காட்டுக் கணவாய் வழிக்குச் சாட்சி. இத்தனை கல் வைத்திருக்கிற நாம், அவற்றை ஒரு கோட்டில் இணைத்து வண்டி ஓட்டிப் பார்த்ததில்லை. தனித்தனியாக அருங்காட்சியகத்திலும் கோயில் மதிலோரத்திலும் வைத்துவிட்டோம். வழியிலிருந்து எடுத்துவிட்டால் வழிக்கல் வெறும் கல்வெட்டாகிவிடுகிறது.

தடத்தைத் தேட ஆவணக் காப்பகம் வரை போக வேண்டியதில்லை என்பது இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த நல்ல செய்தி. ஒவ்வொரு கிராமத்திலும் அ-பதிவேடு இருக்கிறது. அதில் வண்டிப்பாதை என்று தனியாக ஒரு புறம்போக்கு வகை உண்டு. எந்தச் சர்வே எண்ணில் எவ்வளவு ஏர்ஸ் என்று எழுதியிருக்கும். கிராம வரைபடத்தில் அதை இரட்டைக் கோடாகப் போட்டிருப்பார்கள். ஒரு கிராமத்து வரைபடத்தின் ஓரத்தில் முடிகிற கோட்டை அடுத்த கிராமத்து வரைபடத்தில் பிடித்து, அதற்கடுத்ததில் பிடித்துக்கொண்டே போகலாம். ஆற்றைத் தாண்டும் இடமும் தெரியும். கேஸ்பியர் ராணுவக் கடிதங்களில் பல ஆண்டு தேடியதை, நம் கிராம நிர்வாக அலுவலர்கள் பீரோவில் வைத்திருக்கிறார்கள். கல்லூரி வரலாற்று மாணவர்கள் பத்துப் பேர் இறங்கினால் பரங்கிப்பேட்டையிலிருந்து ஆறகளூர் வரை, நூற்றுச் சொச்சம் கிலோமீட்டருக்கும் இந்தக் கோட்டை ஒரே தாளில் கொண்டுவந்துவிடலாம்.

அவசரம் எதற்கென்றால், இந்த இரட்டைக் கோடுகள் நாள்தோறும் குறைகின்றன. பக்கத்து நிலத்துக்காரர் வருஷத்துக்கு ஒரு சால் சேர்த்து உழுதால் பத்து வருஷத்தில் வண்டிப்பாதை வரப்பாகிவிடும். ஆற்று மணலை அள்ளிக் களிமண் தெரிய வைத்த இடங்களில் துறையே இல்லை. கரை செங்குத்தாக விழுந்து கிடக்கிறது. அள்ளாமல் விட்ட இடங்களில்தான் பெரியவர் காட்டிய வெள்ளை மணல் இருக்கிறது. மணலைக் காப்பதும் தடத்தைக் காப்பதும் இந்த ஆற்றில் ஒரே வேலை.

நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வாங்குகிற இளைஞர்கள் இப்போது எங்கும் இருக்கிறார்கள். தார் என்ற பாலைவனத்தின் பெயரையே வைத்து வரும் வண்டியைத் திட்டக்குடியிலும் விருத்தாசலத்திலும் சாதாரணமாகப் பார்க்கிறேன். வாங்கியதும் ஆற்றிலோ திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டுச் செம்மணலிலோ வட்டம் அடித்து, மணலைக் கிளப்பி, வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். அந்த ஆசையை நான் குறை சொல்லவில்லை. அதற்கு ஒரு திசை கொடுத்தால் போதும். வட்டம் அடிக்கிற சக்கரம் மணல் மேட்டையும் அதைப் பிடித்து வைத்திருக்கும் புல்லையும் கிழிக்கிறது. மொஹாவியில் ஒரு சட்டம் உண்டு: ஏற்கெனவே இருக்கிற தடத்தை விட்டு ஒரு சக்கரம்கூட வெளியே போகக் கூடாது. நம் ஆற்றிலும் அதே சட்டம் வேண்டும். பழைய துறையில் மட்டும் இறங்குவது, மாசியிலிருந்து ஆனி வரை மட்டும் போவது, தண்ணீர் ஓடும்போது தொடாமலிருப்பது, விதைத்த நிலத்தை மிதிக்காமலிருப்பது, ஊர்க்காரர் ஒருவரை முன்னே நடக்கச் சொல்லி அவருக்குக் கூலி கொடுப்பது. ஆறு அரசுப் புறம்போக்கு. நீர்வளத் துறையிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் முன்னதாகச் சொல்லிவிட்டுப் போவதே முறை.

தொடங்குவதற்கு முழுத்தடமும் வேண்டாம். பெண்ணாடம் தூங்கானைமாடத்து வாசலிலிருந்து இறையூர் வழியாகத் திருவட்டத்துறை வரை, சம்பந்தர் நடந்த அந்த ஏழெட்டுக் கிலோமீட்டரை எடுத்துக்கொள்ளலாம். கார் இல்லாதவர்கள் நடக்கலாம், மாட்டு வண்டி வைத்திருப்பவர்கள் வாடகைக்கு ஓட்டலாம். தடம் பிரியும் இடங்களில் கல் நட வேண்டும். பெண்ணாடத்துக்கு இவ்வளவு, அரத்துறைக்கு இவ்வளவு என்று தொலைவை வெட்டி, ஆறகளூர்க் கல்லில் இருப்பதுபோல எண்ணுக்குக் கீழே அதே கணக்கில் குழிகளையும் குடையச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் விரலை வைத்து எண்ணிப் பார்க்கட்டும். செலவு பெரிதில்லை. கல் தச்சர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஐப்பசியில் ஆறு வருவதற்குள், இந்தக் கோடையிலேயே முதல் ஐந்து கற்களை நட்டுவிடலாம்.